தூண்டிற்காரரும் ஒரு தபாலட்டையும்

தூண்டில் போடுவோர் பிடித்த மீன், பேச்சிலே வளரும் என்பார்கள். கையில் சாணாக இருந்தது, வீடு வந்து சேர்வதற்குள் முழமாகிவிடும். இத்தகையோரை நம்பி விஞ்ஞானக் கணக்கை ஒப்படைக்கலாமா என்று நாம் ஐயுறுவது இயல்பே. ஆயினும், அவ்வாறு ஒப்படைத்துப் பெரும்பயன் கண்ட முயற்சி ஒன்று அத்திலாந்திக் சமுத்திரத்திலே உண்டு.

1962ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையிலே, ஜாக் கேசி என்னும் ஆய்வாளர் சுறாக்களின் போக்குவரத்தை அறிய முற்பட்டார். பரந்த கடலெங்கும் அவற்றைத் தொடர்ந்து செல்ல எத்தனை கப்பல்கள் வேண்டும்! எனவே, பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோரின் துணையை அவர் நாடினார். முதலில் முன்வந்தோர் நூறு பேருக்கும் குறைவு. பின்னர் அத்தொகை ஆயிரக்கணக்கிற் பெருகிற்று.

அவர்களது பணி எளிது. பிடிபட்ட சுறாவின் முதுகுச் செட்டைக்கு அருகே சிறிய உருக்கு முனையொன்றைப் பதிப்பார்கள். அதனோடு இணைந்த சிறு குப்பியினுள், கண்டெடுப்போர் செய்யவேண்டியது ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு, யப்பானியம், நோர்வேஜியம் ஆகிய 5 மொழிகளில் அச்சிடப்பட்டிருக்கும். பின்னர் சுறாவைக் கடலில் விட்டுவிட்டு, நாள், இடம், நீளம், ஆணா பெண்ணா என்பவற்றைத் தபாலட்டையில் எழுதி அனுப்புவார்கள்.

அச்சுறாவை என்றோ ஒருநாள், எங்கோ ஓரிடத்தில், முன்பின் அறியாத ஒருவர் பிடித்துத் தாமும் எழுதினாலன்றி முதல்வரின் உழைப்பு முழுமை பெறாது. அடையாளமிட்ட 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட சுறாக்களுள், நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவை பற்றியே மறுசெய்தி கிடைத்தது. ஆனால், அவை தந்த அறிவோ பெரிது. நீலச் சுறா ஒன்று 3,997 கடல்மைல் கடந்திருந்தது. சாண்ட்பார் என்னும் இனத்துச் சுறா ஒன்று 27 ஆண்டுகளுக்கு மேல் அடையாளத்தைச் சுமந்து திரிந்தது.

இந்தச் சாண்ட்பார் சுறாவின் வரலாறு சிந்திக்கத்தக்கது. முதல் நீளத்தையும் மறுமுறை பிடிபட்டபோதிருந்த நீளத்தையும் ஒப்பிட்டபோது, முன்னர் எண்ணியதிலும் அது மிக மெதுவாக வளர்கிறது என்பது புலனாயிற்று. கேசியும் அவர்தம் சகாவும் இதனை 1992இல் வெளியிட்டனர். மெதுவாக வளரும் மீனை விரைவாகப் பிடித்தால் அவ்வினம் எவ்வாறு தழைக்கும்? அமெரிக்க அரசு 1993இல் அத்திலாந்திக் சுறாப் பிடிப்புக்கு வரம்பு வகுத்தது. 2008இல், ஆராய்ச்சிக்கு அன்றி வியாபாரத்துக்காகச் சாண்ட்பார் சுறாவைப் பிடிப்பதையும் தடுத்தது.

அன்று ஒருவர் பெருமைக்காகச் சாணை முழமென்று எழுதியிருந்தால், கணக்கும் பிழைத்திருக்கும். பல சுறாக்களின் உயிரும் போயிருக்கும். மாணவர்களே, அளந்ததை அளந்ததென்றும், கண்மதிப்பைக் கண்மதிப்பென்றும் எழுதுங்கள். மழையளவோ, பறவைக் கணக்கோ, எதுவாயினும் சரி. உங்கள் குறிப்பேட்டை நம்பி என்றோ ஒருவர் முடிவெடுக்கக் கூடும்.