முட்டைக்குள் ஒரு சாத்தான்

நவம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்கச் சமையல் இதழ்களுக்கு ஒருவிதக் காய்ச்சல் கண்டுவிடும். நன்றியறிதல் நாளில் தொடங்கிப் புத்தாண்டு வரை நீளும் விருந்துகளில் எதைப் பரிமாறலாம் என்று பக்கம் பக்கமாக யோசனைகள். அவற்றுள் ஆண்டு தவறாமல் இடம்பிடிக்கும் பழைய பண்டம் ‘டெவில்ட் எக்ஸ்’. அவித்த முட்டையை நீளவாக்கில் பிளந்து, மஞ்சள் கருவைத் தனியே எடுத்து, கடுகு விழுது, மயோனெய்ஸ், சிறிது வினிகர் சேர்த்து மசித்து, வெள்ளைக் கருவின் குழியில் மீண்டும் நிரப்பி, மேலே பப்ரிகா தூவினால் முடிந்தது. தமிழில் இதற்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சு ஒருமுறை எழுந்தபோது ‘சாத்தானேறிய முட்டை’ என்றார் ஒரு நண்பர். ‘பேய் முட்டை’ என்றார் இன்னொருவர். இரண்டுமே பசியைத் தூண்டுவனவாக இல்லை.

பண்டிகை என்ற பெயரில் இந்த எளிய பண்டத்துக்குச் செய்யப்படும் ஒப்பனைகள்தாம் இதை எழுதத் தூண்டின. தக்காளித் துண்டில் சாண்டா குல்லாய். அவகாடோ மசியலைக் கிறிஸ்துமஸ் மரமாகப் பிழிந்து, அதன்மேல் மாதுளை முத்துகள். ஈஸ்டர் வந்தால் காரட்டில் அலகும் மிளகில் கண்ணும் ஒட்டி, முட்டையைக் கோழிக்குஞ்சாக்கிவிடுகிறார்கள். குஞ்சாக முடியாமற்போன ஒன்றைக் குஞ்சைப்போல் அலங்கரித்துத் தின்பதிலுள்ள குரூரம் யாருக்கும் உறைப்பதாகத் தெரியவில்லை. மறுபுறம், நாகரிக உணவகங்கள் இதன்மேல் மீன் முட்டையை வைத்து, ட்ரஃபிள் எண்ணெயைச் சொட்டி, விலையைப் பலமடங்கு உயர்த்திவிட்டன. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கூச்சம்தான் என்று நினைக்கிறேன். வெறும் அவித்த முட்டையை விருந்தினர் முன் வைப்பதா என்ற கூச்சம்.

கூச்சப்பட ஏதுமில்லை. ரோமானியர் விருந்து முட்டையில் தொடங்கிப் பழத்தில் முடிவது. அப்பீசியஸின் பெயரால் வழங்கும் சமையல் நூலிலேயே அவித்த முட்டைக்கான சாறுகள் சொல்லப்பட்டுள்ளன. பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆந்தலூசியச் சமையற் சுவடியில், மஞ்சள் கருவைக் கொத்தமல்லி, வெங்காயச் சாறு, மிளகு சேர்த்துப் பிசைந்து திரும்ப நிரப்பி, இரு பாதிகளையும் ஒரு குச்சியால் கோத்துவைக்கும் முறை இருக்கிறது.

சாத்தான் பின்னால் வந்தவன். ஆங்கிலத்தில் காரமூட்டிய உணவை ‘டெவில்’ என்று குறிக்கும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் தோன்றியது; 1786ஆம் ஆண்டு அச்சில் பதிவாகியிருக்கிறது. நரகத்தின் வெக்கையை நாவில் உணர்த்துவது என்று பொருள் கொள்ளலாம். 1849-50இல் தொடராக வந்த ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலில், டேவிட் தன் அறையில் தரும் விருந்தில் ஆட்டுக்கால் உள்ளே வேகாமல் வந்து சேர்கிறது. மிக்காபர் அதைத் துண்டங்களாக்கச் சொல்லி, மிளகும் கடுகும் கெயேன் மிளகாய்த்தூளும் உப்பும் தடவி, கணப்பில் வாட்டி டெவிலாக்கிவிடுகிறார். கடன்காரர்களால் துரத்தப்படும் அந்த மனிதர் அன்று அடையும் மகிழ்ச்சிக்கு ஈடான விருந்துக் காட்சியை டிக்கன்ஸிடமே அதிகம் கண்டதில்லை. கெட்டுப்போன விருந்தைக் காரம் காப்பாற்றுகிறது.

அச்சொல் பேரரசின் கப்பல்களில் ஏறி எங்கும் போயிற்று. இலங்கையில் இறால் டெவில், கோழி டெவில் என்று இன்றும் கண்ணில் நீர் வரவழைக்கும் உறைப்போடு வாழ்கிறது. கல்கத்தாவில் ‘டிமேர் டெவில்’ என்று மசாலாப் பூச்சுக்குள் முட்டையை வைத்துப் பொரிக்கிறார்கள். அமெரிக்காவிலோ பாஸ்டனின் அண்டர்வுட் நிறுவனம் 1860களின் இறுதியில் ‘டெவில்ட்’ பன்றியிறைச்சியை டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கியது. 1870இல் பதிவான அதன் சிவப்புச் சாத்தான் முத்திரை இன்றளவும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் முட்டையிலிருந்த காரம் மெல்ல மெல்லக் கழன்றுவிட்டது. இன்று தூவப்படும் இனிப்புப் பப்ரிகா பெரும்பாலும் நிறத்துக்குத்தான். தென்மாநிலங்களிலும் மத்திய மேற்கிலும் தேவாலய விருந்துகளில் சாத்தானின் பெயரைச் சொல்லத் தயங்கி ‘ஏஞ்சல் முட்டை’ என்றும் ‘சாலட் முட்டை’ என்றும் அழைப்பதுண்டு. சுவைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் நியாயம் என்று தோன்றும். சாத்தான் குடியிராத வீட்டுக்கு அவன் பெயர் எதற்கு? குல்லாயும் அலகும் வைக்கும் நேரத்தில் அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூளைச் சேர்த்தால் விருந்து உருப்படும் என்பதே என் கட்சி.

இன்னொன்று, இது தோற்றமளிக்கும் அளவுக்கு எளிய வேலையன்று. அன்றிட்ட முட்டையை அவித்தால் ஓடு வெள்ளைக் கருவையும் பிய்த்துக்கொண்டு வரும். நாளாக ஆக, ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறி வெள்ளைக் கருவின் காரத்தன்மை கூடும். அப்போது உட்சவ்வின் பிடி தளர்கிறது. ஆகவே ஒரு வாரமான முட்டையே உத்தமம். குளிர்ந்த நீரில் தொடங்காமல் கொதிநீரில் இட்டு, பதினொரு நிமிடத்தில் எடுத்துப் பனிக்கட்டி நீரில் போடவேண்டும். கூடுதலாகக் கொதித்தால் கருவின் இரும்பும் வெள்ளையின் கந்தகமும் கூடி விளிம்பில் பச்சை படரும். ஒரு டஜனை உரித்துப் பிளந்து நிரப்பி முடிப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும். இருபத்து நான்கு பாதிகளும் கதவருகில் நிற்பவர்களிடமே காலியாகிவிடும். பறவைக் காய்ச்சலால் விலையேறி 2025 மார்ச்சில் டஜன் சராசரியாக ஆறு டாலரைக் கடந்தபோதுங்கூட யாரும் எண்ணிச் சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

இதற்கென்றே தனித் தட்டு உண்டு. வட்டமான கண்ணாடித் தட்டில் முட்டைப் பாதி அமரும் அளவுக்குக் குழிகள். வேறெதற்கும் பயன்படாத பாத்திரம். தென்மாநில வீடுகளில் தட்டின் அடியில் ஒட்டுத்தாளில் பெயரெழுதி ஒட்டியிருப்பார்கள். பொதுவிருந்துக்குப் போனால் வீடு திரும்பவேண்டுமல்லவா. பொதுவிருந்துக்கு மட்டுமன்று, அப்பக்கங்களில் துக்க வீட்டுக்கும் இதே தட்டுதான் போகும். பண்டிகைப் பண்டம் என்று எழுதும் இதழ்கள் இதைச் சொல்வதில்லை.

நான் ஜார்ஜியாவில் இருந்த காலத்தில், நன்றியறிதல் நாளுக்கு நான்கு நாட்கள் முன்பு ஊரில் அப்பா இறந்துபோனார். விமானச் சீட்டுக் கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். போகவில்லை. அடுத்த வீட்டு மூதாட்டி செய்தி கேட்டு, மறுநாள் காலை கதவைத் தட்டி அந்தத் தட்டை நீட்டினார். பன்னிரண்டு பாதிகள். ஒப்பனை ஏதுமில்லை. துக்க வீட்டில் அடுப்பெரியாது, அண்டை வீட்டிலிருந்துதான் சோறு வரவேண்டும் என்பது நம்மிடமும் உள்ள வழக்கம். பதினாறு நாட்களுக்கு முட்டை ஆகாது என்பதும் நம் வழக்கமே. முன்னதை அறியாமலே செய்த அவருக்குப் பின்னதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கி உள்ளே வைத்தேன். என் மனைவி தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு முட்டை பிடிக்கும். பேருந்து நிலையத்துக்கு எதிரிலிருந்த கடையில், அவித்த முட்டையை நூலால் அறுத்து, உப்பும் மிளகுத்தூளும் தூவிக் காகிதத்தில் வைத்துத் தருவார்கள். எனக்கு ஒரு பாதி, அவருக்கு ஒரு பாதி. அம்மாவிடம் சொல்லாதே என்பார். அன்றிரவு குளிர்பெட்டியைத் திறந்து, நின்றபடியே இரண்டு பாதிகளைத் தின்றேன். கிழவி கெயேனைத் தாராளமாகவே போட்டிருந்தார்.

வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது. பதினாறாம் நாள் கழிந்தபின் மனைவி ரவா லட்டு பிடித்தாள். குழிகளில் அவை கச்சிதமாக உட்கார்ந்தன. தட்டின் அடியில் ஒட்டுத்தாள் கழுவிக் கழுவி மங்கிப்போயிருந்தது. பேனாவை எடுத்து அவர் பெயரின்மேலேயே ஒருமுறை எழுதி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.