எழுதப் படிக்கத் தெரியாத விஞ்ஞானிகள்

பாலை மணலில் பாதி அழிந்த குளம்புத் தடம் ஒன்று போதும். விலங்கு எப்போது கடந்தது, எந்தப் பக்கம் போனது, நொண்டியதா என்றெல்லாம் கலஹாரியின் சான் வேட்டையர்கள் சொல்லிவிடுவார்கள். சூழலியல் ஆய்வாளர்களுக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது. ஆனாலும் களப்படிவத்தை நிரப்ப எழுத்து வேண்டும் என்பதால், தலைமுறைகளாகச் சேர்ந்த அந்த அறிவு ஆய்வுக்கு வெளியிலேயே நின்றது.

குறை படிவத்தில்தான் என்று கண்டவர் தென்னாப்பிரிக்காவின் லூயி லீபன்பெர்க். 1990-களில் அவரும், கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் கணினி பயின்ற ஜஸ்டின் ஸ்டீவன்டனும் ‘சைபர்டிராக்கர்’ மென்பொருளை உருவாக்கினார்கள். கையடக்கக் கணினியின் திரையில் விலங்குகளின் படங்கள் இருக்கும்; மேய்ந்ததா, ஓடியதா, படுத்ததா என்பதற்கும் படங்கள் இருக்கும். படத்தைத் தொட்டால் தகவல் பதிவாகும், இடத்தை ஜிபிஎஸ் குறித்துக்கொள்ளும். காரூ தேசியப் பூங்காவில் கரேல் பெனடி, ஜேம்ஸ் மின்யே என்ற எழுத்தறியாத இரு தடமறிவோர் இதைக் கொண்டு கருப்புக் காண்டாமிருகத்தைத் தொடர்ந்தார்கள். அது எதை மேய்கிறது என்று பதிவு செய்தார்கள். இந்த முயற்சி பற்றி 1999-இல் ‘பாக்கிடெர்ம்’ ஆய்விதழில் வெளியான கட்டுரையில் இருவரும் இணை ஆசிரியர்கள். வழக்கமாக இப்படிப்பட்டவர்களின் பங்கு நன்றியுரையில் ஒரு வரியோடு முடிந்துவிடும். இங்கே உரிய இடத்தில் பெயர் வந்தது.

குடிமக்கள் அறிவியல் என்ற பெயரில் இன்று ஏராளமான செயலிகள் வருகின்றன. பெரும்பாலானவற்றில் கேள்வியை ஆய்வாளர் முடிவு செய்கிறார். மக்கள் தகவல் மட்டும் திரட்டித் தருகிறார்கள். திரையில் நாலு படங்களைச் சேர்த்துவிட்டால் எல்லோரையும் உள்ளே அழைத்ததாகிவிடாது. எதைத் தேடுவது, திரட்டியதை யார் பார்ப்பது என்ற முடிவுகளில் அந்த மக்களுக்குப் பங்கு வேண்டும்.

காங்கோ குடியரசின் வடபகுதிக் காடுகளில் வாழும் ம்பென்ஜெலே மக்களின் அனுபவம் இதைத் தெளிவாக உணர்த்துகிறது. சப்பெல்லி மரம் வெட்டுமர நிறுவனங்களுக்கு விலையுயர்ந்த சரக்கு. அதே மரத்தில் வரும் கம்பளிப்புழுக்கள் ம்பென்ஜெலேக்களுக்கு உணவு. 2000-களின் நடுவில், மானிடவியலாளர் ஜெரோம் லூயிஸின் துணையோடு, அவர்கள் படக்குறிகள் கொண்ட ஜிபிஎஸ் கருவிகளை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தார்கள். வெட்டக் கூடாத மரங்கள், மருந்துச் செடிகள், மூதாதையர் புதைகுழிகள், புனித இடங்கள் எல்லாம் வரைபடத்தில் ஏறின. பின்னர் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிக் குழு எழுதிய மென்பொருளுக்கு ‘சப்பெல்லி’ என்றே பெயர் வந்தது.

வேலை எளிதாக நடக்கவில்லை. முதலில் ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் இன்னொன்றைத் தேடும் பட்டியல் முறை பலரைக் குழப்பியது. கணினி பழகியவர்களுக்கு இயல்பாகிவிட்ட அந்த அடுக்கு, காட்டில் வாழ்பவர்களின் சிந்தனைக்குப் பொருந்தவில்லை. மக்களுக்குப் பயிற்சி போதாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். குழுவோ கருவியை மாற்றியது: படம் அச்சிட்ட அட்டையைக் கைபேசியில் தொட்டாலே பதிவாகும்படி ஒரு வழி செய்தார்கள். மின்சாரம் இல்லாத இடத்தில் கைபேசிக்கு மின்னேற்ற, அடுப்புச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் சமையல் பாத்திரத்தையும் சோதித்தார்கள்.

சட்டவிரோத வேட்டையைக் கண்காணிக்கும் திட்டம் வந்தபோது, மக்களின் கேள்வி வேறாக இருந்தது. வேட்டைக் கும்பல்களோடு, தங்களைத் துன்புறுத்திய வனக் காவலர்களின் அத்துமீறலையும் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். மேலிருந்து வந்த திட்டமாக இருந்தால் இப்படி ஒரு படக்குறி திரையில் இடம்பெற்றிருக்குமா? ஆபத்தும் உண்டு. யானை எங்கே நிற்கிறது என்ற தகவல் தவறான கைக்குப் போனால் அதுவே தந்தக் கும்பலுக்கு வழிகாட்டி. ஆகவே முன்கூட்டியே விளக்கிப் பெறும் சம்மதம் இங்கே வெறும் கையெழுத்துச் சடங்காக இருக்க முடியாது. மறுக்கவும் பாதியில் விலகவும் உரிமை வேண்டும்.

தமிழ்நாட்டிலும் தடம் படிப்பவர்கள் இருக்கிறார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களை 2017-இல் புளோரிடா பல்கலைக்கழகம் அழைத்துச் சென்றது. அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை அவர்கள் தடம் பார்த்தே பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது மகிழ்ச்சிதான். ஆனால் பாம்புகளின் நடமாட்டம், பருவம், இரை பற்றி இருளர்கள் அறிந்தவை, அவர்களே இணை ஆசிரியர்களாக இருக்கும் ஆய்வுகளாக வரவேண்டும். அதற்கு நிதி தரும் அமைப்புகள் முதல் சில மாதங்களைச் செயலி எழுதுவதற்கு ஒதுக்காமல், ஊரில் உட்கார்ந்து கேட்பதற்கு ஒதுக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு வருபவர்களுக்கு நாள் கூலியும், கேள்விகளை மாற்றும் அதிகாரமும் திட்ட அறிக்கையிலேயே எழுதப்பட வேண்டும்.