ஒருசந்தியின் மிச்சம் யாருக்கு?

தவக்காலத்தின் நாற்பது நாள்களுக்கெனத் திருச்சபை மூன்று கடமைகளை வகுத்திருக்கிறது: செபம், நோன்பு, தருமம். முதலிரண்டைப் பற்றி மறையுரைகளும் தியானங்களும் பாடல்களும் ஏராளம். மூன்றாவது கடமையோ பெரும்பாலும் ஆலய வாசலில் வைக்கப்படும் ஓர் உண்டியலோடும், இறுதி வாரத்தில் வழங்கப்படும் சில மூட்டை அரிசியோடும் முடிந்துவிடுகிறது. கிறித்தவர்கள் கொடுப்பதில்லை என்று யாரும் குறை சொல்ல இயலாது, கொடுக்கத்தான் செய்கிறார்கள். நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. கொடுக்கப்படும் பொருள் எங்கிருந்து வருகிறது? வீட்டில் மிகுந்து கிடந்ததிலிருந்தா, தன் தட்டிலிருந்து எடுத்து வைத்ததிலிருந்தா? இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவில்தான் தவக்காலத் தருமத்தின் உயிர் இருக்கிறது என்று கருதுகிறோம்.

கத்தோலிக்கப் பெரியவர்களின் பேச்சில் இரண்டு அழகிய சொற்கள் உண்டு. புலால் தவிர்க்கும் நாள் சுத்தபோசனம்; ஒருவேளை மட்டும் முழு உணவு கொள்ளும் நாள் ஒருசந்தி. பின்னது சமய எல்லைகளைத் தாண்டித் தமிழர் பலருக்கும் பழகிய சொல். ஒருசந்தி இருந்தவர் வீட்டில், உண்ணாத வேளைக்குரிய அரிசி பானையில் மிஞ்சி நிற்கும். அந்த மிச்சம் யாருடையது? நோன்பைப் பற்றிய பேச்சில் நாம் கேட்க மறந்த கேள்வி இதுவே.

ஆதித் திருச்சபை இதை மறக்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட 'ஹெர்மாஸின் மேய்ப்பர்' என்ற நூல், நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் கொள்ளச் சொல்கிறது. அத்துடன் நிற்கவில்லை. வழக்கமான உணவுக்கு அன்று எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகையைக் கைம்பெண்ணுக்கோ அனாதைக்கோ வறியவருக்கோ கொடுத்துவிட வேண்டும் என்கிறது. எவ்வளவு எளிய கணக்கு! பட்டினியின் விலை இன்னொருவரின் உணவாகிறது. கி.பி. 440 முதல் 461 வரை திருத்தந்தையாக இருந்த பெரிய லியோவின் தவக்கால மறையுரைகளும் இதையே வலியுறுத்துகின்றன. தருமத்தில் சென்று சேராத நோன்பு உடலை வருத்துவதாக மட்டுமே அமையும் என்பது அவருடைய நிலைப்பாடு.

இன்று அந்தக் கணக்கு அறுந்துவிட்டது. அதற்குக் காரணமும் உண்டு. நோன்பே சுருங்கிவிட்டது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி கட்டாய நோன்பு நாள்கள் இரண்டே இரண்டு: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். அதுவும் 18 முதல் 59 வயது வரையுள்ளவர்களுக்கே. 1966இல் ஆறாம் பவுல் இந்த ஒழுங்கைத் தளர்த்தியபோது, உடல் ஒறுத்தலுக்கு ஈடாகச் செபத்தையும் பிறரன்புச் செயல்களையும் அமைத்துக்கொள்ள அந்தந்த நாட்டு ஆயர்களுக்கு உரிமை அளித்தார். தளர்வின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் நடைமுறையில் நோன்பு குறைந்த அளவுக்குத் தருமம் பெருகியதா? சுத்தபோசன வெள்ளியன்று ஆட்டிறைச்சியைத் தவிர்த்துவிட்டு, அதைவிட விலை கூடிய வஞ்சிர மீனை வறுத்து உண்பதில் சட்டம் மீறப்படுவதில்லை. மிச்சம் மட்டும் எதுவும் இல்லை.

இழந்த கணக்கை மீட்கும் முயற்சிகள் நடக்காமலில்லை. ஜெர்மானிய ஆயர்கள் 1958இல் தொடங்கிய மிசெரியோர், அயர்லாந்தில் 1973இல் தொடங்கிய ட்ரோக்கரா ஆகிய இரண்டு அமைப்புகளும் தவக்காலச் சேகரிப்பை நடத்துபவை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து அல்லென்டவுன் மறைமாவட்டத்தில் 1975இல் பிறந்த 'சோற்றுக் கிண்ணம்' என்ற திட்டம் நம்மைக் கவர்கிறது. மடித்துச் செய்த சிறிய அட்டைப்பெட்டி ஒன்று உணவு மேசையின் நடுவில் வைக்கப்படுகிறது. எளிய உணவு உண்டு, மிஞ்சிய காசை அதில் இட வேண்டும். சேர்வதில் நான்கில் மூன்று பங்கு வெளிநாட்டுப் பணிகளுக்கும், ஒரு பங்கு அந்த மறைமாவட்டத்து ஏழைகளுக்கும் போகிறது. இத்திட்டத்தின் நுட்பம் பெட்டி வைக்கப்படும் இடத்தில் இருக்கிறது. ஆலய வாசலில் இருக்கும் உண்டியல் நம் பணப்பையைப் பார்க்கிறது. சோற்றுத் தட்டுக்கு அருகில் இருக்கும் பெட்டி நம் தட்டைப் பார்க்கிறது.

இதற்கு அட்டைப்பெட்டி கூட வேண்டியதில்லை. தமிழ்ச் சீர்திருத்தச் சபைப் பெண்கள் பல தலைமுறைகளாகப் பிடி அரிசி எடுத்து வைத்திருக்கிறார்கள். உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்துச் சபைக்குக் கொண்டுசேர்க்கும் வழக்கம் அது. இந்துக்களிடையே பிடி அரிசித் திட்டத்தை ஊக்குவித்தவர் காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதி. ஏழை வீட்டிலும் இது இயலும் என்பதே இதன் பெருமை. கொடுக்கும் தகுதி செல்வருக்கு மட்டுமே உரியதென்ற எண்ணத்தை ஒரு பிடி அரிசி உடைத்துவிடுகிறது.

இனி, கொடுக்கும் முறைக்கு வருவோம். திருநீற்றுப் புதனன்று ஆலயங்களில் வாசிக்கப்படுவது மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம். தருமம் செய்பவன் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்றும், வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்றும் இயேசு கற்பிக்கும் பகுதி அது. அதைக் கேட்டு நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட சில வாரங்களுக்குள், ஒரு பொட்டலத்தைப் பத்துக் கைகள் பிடித்திருக்க, நடுவில் ஒரு முதியவர் கூசி நிற்கும் நிழற்படங்கள் வெளிவரத் தொடங்குகின்றன. பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா என்று கேட்பார்கள். கட்டாயம் காட்ட வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எதற்குப் போனது என்று ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வேண்டும். கணக்குக்குத் தேவை எண்கள். பெற்றவரின் முகம் அதில் சேராது. அந்த முகத்தைப் பெற்ற பிள்ளைகளும் நாளை அந்தப் படத்தைப் பார்க்கக்கூடும்.

தருமம் என்ற சொல்லையே சற்று நின்று நோக்கலாம். எபிரேயத்தில் ஏழைக்குக் கொடுப்பதைக் குறிக்க வழங்கிவரும் 'செதாக்கா' என்ற சொல்லின் வேர்ப்பொருள் நீதி. கிரேக்கத்தில் அதற்கு வழங்கும் சொல் இரக்கத்தை அடியாகக் கொண்டது. மேற்சொன்ன மத்தேயு அதிகாரத்தின் முதல் வசனத்தில் பழைய கிரேக்கப் படிகள் 'நீதி' என்ற சொல்லையே காட்டுகின்றன. பிற்காலப் படிகள் சிலவற்றில் அவ்விடத்தில் 'இரக்கச் செயல்' வந்து அமர்ந்துகொண்டது. நமக்கோ இந்தச் சிக்கல் இல்லை. வீதியில் கையேந்துபவர் கேட்பதும் தருமம். அரசன் வழுவாது காக்க வேண்டியதும் தருமம். அறம் என்ற சொல்லும் அத்தகையதே. நீதியையும் ஈகையையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழி நம்முடையது. எனினும் அச்சொல்லின் பாதியை மட்டுமே தவக்காலத்தில் எடுத்துக்கொள்கிறோம்.

திருநீற்றுப் புதனை அடுத்த வெள்ளியன்று வாசிக்கப்படும் எசாயா நூலின் 58ஆம் அதிகாரம் மற்றப் பாதியை நினைவூட்டுகிறது. நோன்பு நாளிலேயே கூலியாட்களை ஒடுக்குவோரை இறைவாக்கினர் கடிந்துகொள்கிறார். நுகத்தடிகளை உடைப்பதைப் பசித்தவரோடு உணவைப் பகிர்வதற்கும் முன்னே வைக்கிறார். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு ஆண்டுக்கணக்கில் சம்பளத்தை உயர்த்தாமல், தவக்காலத்தில் ஒரு சேலை கொடுத்தால் அது தருமமாகுமா? தலித் கிறித்தவர்களைக் கல்லறைத் தோட்டத்திலும் தனியே ஒதுக்கும் ஊர்களைப் பற்றிய செய்திகளைப் படித்திருக்கிறோம். அத்தகைய ஊரில் அதே தெருவுக்குப் பெரிய வாரத்தில் அரிசி அனுப்பினால் கணக்கு நேராகிவிடுமா? ஏழைக்குக் கொடுப்பவன் தன்னுடையதைக் கொடுக்கவில்லை, அவனுக்குரியதைத் திருப்பித் தருகிறான் என்று நான்காம் நூற்றாண்டிலேயே அம்புரோசு எழுதினார். 1967இல் ஆறாம் பவுலின் சுற்றுமடல் அதை எடுத்தாண்டது. பிரேசில் ஆயர்கள் 1964 முதல் நாடு முழுவதும் நடத்திவரும் தவக்கால இயக்கம் ஆண்டுதோறும் ஒரு சமூகச் சிக்கலை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றிய விவாதத்தையும் காணிக்கையையும் இணைக்கிறது. நம் பங்குகளிலும் இது இயலாததன்று.

அதற்காக நீதி வரும்வரை பசித்தவன் காத்திருக்கட்டும் என்று நாம் சொல்லவில்லை. இன்றைய பசிக்கு இன்றே சோறு வேண்டும். தமிழின் முதல் நாவலை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அதற்குச் சற்று முன், 1876 - 78 காலத்துத் தாது வருடப் பஞ்சத்தில் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்தவர். அதைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிக் கீர்த்தனை பாடினார். கொடுத்தவர் கிறித்தவர், பாடியவர் சைவர். இடையில் நின்றது பசி. பஞ்சம் திருவழிபாட்டு நாள்காட்டியைப் பார்த்து வருவதில்லை என்பதை வேதநாயகர் அறிந்திருந்தார்.

ஆகவே தவக்காலத்தை ஒரு பயிற்சிக் காலமாகக் கொள்வதே பொருந்தும். தன் தட்டில் குறைத்ததைக் கணக்கிட்டுக் கொடுக்கலாம். பெற்றவரின் முகத்தை ஊருக்குக் காட்டாதிருக்கலாம். கொடுக்குமுன், அவருக்குச் சேர வேண்டிய கூலி ஏதேனும் நம்மிடம் நிலுவையில் இருக்கிறதா என்று பார்க்கலாம். இம்மூன்றும் நாற்பது நாளில் கைவந்துவிட்டால், ஈஸ்டர் திங்களன்று பிடி அரிசிக் கலயத்தைப் பரண்மேல் ஏற்றிவைக்கத் தோன்றாது.