வெறுங்கூட்டுக்கும் காசு கொடுப்போம்

ஒரு அணில் குஞ்சைத் துவாயில் சுத்தி வைத்து, ஊசிக்குழாயால் பால் பருக்கிற படத்தை முகநூலில் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்திலேயே இதயங்கள் குவியும். "எங்க காசு அனுப்புறது?" எண்டு நாலு பேராவது கேட்பினம். இரண்டு மாதம் கழித்து, அதே அணில் மரமேறிப் போய்விட்டது என்று வெறுங்கூட்டின் படத்தைப் போட்டால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டினம். இத்தனைக்கும் அந்த வேலை முழுவதும் நடந்ததே அந்த வெறுங்கூட்டுக்காகத்தான்.

நன்கொடையிலும் தொண்டர்களின் உழைப்பிலும் ஓடுகிற காட்டுயிர் மறுவாழ்வு நிலையங்களைப் பற்றிக் கதைக்கும்போது, இங்கேயிருந்துதான் தொடங்கவேண்டும் என்று நினைக்கிறோம். காயப்பட்ட அல்லது தாயை இழந்த காட்டு விலங்கைக் காப்பாற்றி, தேற்றி, திரும்பக் காட்டில் விடுவதுதான் மறுவாழ்வு. காசு கொடுக்கிற எங்களுக்கோ காப்பாற்றுகிற முதல் பகுதியில்தான் விருப்பம். அந்த விருப்பம் ஒரு நிலையத்தின் போக்கையே மாற்றிவிடும்.

நாட்டுக்குள்ளேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. பின்னவலை யானைகள் அநாதை இல்லம் 1975இல் தொடங்கியது, தாயை இழந்த குட்டிகளுக்காகத்தான். இன்று அங்கே யானைகள் மனிதரோடேயே வாழ்கின்றன, அங்கேயே குட்டி போடுகின்றன. அவை ஆற்றில் குளிப்பதைப் பார்க்க உலகமே ரிக்கெற் எடுத்து வருகிறது. 1995இல் வனஜீவராசிகள் திணைக்களம் உடவளவையில் இன்னொரு இடத்தைத் தொடங்கியது. அதன் பெயர் யானைகள் இடைத்தங்கல் நிலையம். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் குட்டிகளுக்குப் பால். பார்க்கப் போகிறவர்கள் தூரத்தில் ஒரு மேடையில் நிற்கவேண்டும். தொடவோ தடவவோ ஏலாது. குட்டிகள் ஏறத்தாழ 5 வயதாகும்போது, கூட வளர்ந்தவற்றோடு கூட்டமாகத் தேசிய பூங்காக்களில் விடப்படுகின்றன. அப்படிப் போன யானைகள் சில காட்டில் குட்டியும் போட்டிருக்கின்றன. அந்த நிலையம் அரசாங்கத்தினுடையது; ஆனால் ஒரு குட்டியைத் தத்தெடுத்துப் பால் செலவைப் பொறுப்பெடுக்கிற திட்டத்தின் மூலம் நன்கொடையும் அங்கே போகிறது.

'இடைத்தங்கல்' என்ற சொல் எங்கட சனத்துக்குப் புதுசில்லை. முகாமில் இருந்தவர்களிடம் கேட்டால் சொல்லுவினம், இடைத்தங்கல் எண்டால் ஒரு நாள் சொந்த இடத்துக்குப் போகவேணும் எண்டு. எந்த முகாமும் எப்போதும் நிரம்பி வழிவதால் நல்ல முகாம் ஆகிவிடாது. விலங்குகளின் நிலையத்தையும் அந்த அளவுகோலால்தான் அளக்கவேண்டும்.

காசு எந்த வழியால் வருகிறதோ அந்த வழியில்தான் வேலையும் போகும் என்பதற்கு, கொஸ்கொட பக்கத்துக் கடலாமைப் பொரிப்பகங்கள் நல்ல பாடம். முட்டை பொறுக்குகிறவர்களிடம் காசு கொடுத்து வாங்கி, மணலில் புதைத்து, குஞ்சு பொரித்துக் கடலில் விடுவதாகத்தான் அவை நடக்கின்றன. முட்டை ஆரோ சாப்பிடப் போகாமல் தப்புவது நல்லதுதான். ஆனால் அவற்றின் வருமானம் சுற்றுலாப் பயணியின் ரிக்கெற். பயணி வருவது பகலில். ஆகவே பகலில் காட்டுவதற்குத் தொட்டியில் குஞ்சுகள் இருக்கவேண்டும். கடலாமைக் குஞ்சு பொரித்து வெளியில் வந்த உடனே, உடலில் மிச்சமிருக்கிற மஞ்சள் கருவின் பலத்தில் ஏறத்தாழ ஒரு நாள் ஓயாமல் நீந்தும். கரையோரத்து ஆபத்துகளைக் கடந்து ஆழ்கடலுக்குப் போக இயற்கை கொடுத்த பலம் அது. தொட்டியில் விட்டால் சுவரில் முட்டி முட்டி நீந்தியே அந்தப் பலம் தீர்ந்துவிடும். அங்கே வேலை செய்கிறவர்கள் கெட்டவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பார்க்க வருகிறவர் கொடுக்கிற காசில் ஓடும் இடம், பார்க்க வருகிறவருக்கு ஏற்றமாதிரித்தான் மாறும்.

நன்கொடை இதைவிட நல்ல வழி. கொடுக்கிறவருக்குச் செலவு விளங்கியிருந்தால் மட்டும். தொண்டர்கள் செய்தால் செலவில்லை என்பது பெரிய பிழை. சனி ஞாயிறில் வர ஆக்கள் இருக்கினம். செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு மணிக்குப் பால் பருக்க ஆர் இருக்கினம்? அதற்குச் சம்பளத்துக்கு ஒருவர் வேண்டும். காட்டு முலையூட்டிகளைக் கையாளுகிறவர்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி முற்கூட்டியே போட்டிருக்கவேண்டும். மிருக வைத்தியர், மருந்து, எரிபொருள், மனித முகம் பழகாமல் இருக்க மறைப்புள்ள கூடு என்று பட்டியல் நீளும். இவை ஒன்றும் படத்தில் வடிவா விழாது. அழுகிற குட்டியின் படம் வந்த கிழமை காசு குவிந்து, அடுத்த மூன்று மாதம் ஒன்றும் வராத நிலையத்தால் ஆரையும் சம்பளத்துக்கு வைத்திருக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது, கேட்க விருப்பமில்லாத விசயம். செட்டை முற்றாக முறிந்த பருந்து திரும்பப் பறக்காது. சில விலங்குகளை வலியில்லாமல் சாகவிடுவதுதான் மிருக வைத்தியர் செய்யக்கூடிய கடைசி உதவி. அதை வெளியில் சொன்னால் "கொலைகாரர்" என்று கருத்து எழுதுவோம்; காசையும் நிறுத்துவோம். அப்போது நிலையம் என்ன செய்யும்? அந்தப் பருந்தைச் சின்னக் கூட்டில் வருடக்கணக்காக வைத்திருந்து, அதன் படத்தைப் போட்டுக் காசு கேட்கும். அதற்குள் வருத்தத்தோடு வந்த அடுத்த பறவைக்கு இடமிருக்காது. எங்கட இரக்கத்துக்கு அந்தப் பருந்து கொடுக்கிற விலை அது.

"பார்க்காமல் சனம் எப்படிக் காசு குடுக்கும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உடவளவை மேடை அதற்கு ஒரு பதில்: தூர நின்று பார்க்கலாம். இன்னொரு பதில் கணக்கு. மாதாமாதம் நாலு எண்ணிக்கையை வெளியிடட்டும். எத்தனை வந்தது, எத்தனை காட்டுக்குப் போனது, எத்தனை செத்தது, எத்தனை இன்னும் இருக்கிறது. செத்த கணக்கை மறைக்காமல் சொல்கிற நிலையத்தைத்தான் நாங்கள் கூட நம்புவோம். தொட்டுப் படமெடுக்க விடுகிற இடத்தில் எந்த நல்ல கணக்கு இருந்தாலும் யோசியுங்கள்.

எங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியதும் பெரிசில்லை. நிலத்தில் தத்துகிற குருவிக் குஞ்சு எல்லாம் அநாதை இல்லை. தாய் பக்கத்து மரத்திலேயே நிற்கும். முதலில் தூர நின்று பாருங்கள். உண்மையிலேயே காயமெண்டால் காற்றுப் போகிற பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாமல் வையுங்கள். பசுப்பால் பருக்க வேண்டாம். வயிற்றோட்டம் வரும், மூச்சுக்குழாய்க்குள் போனாலும் சாகும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு எடுங்கள். வீட்டில் வைத்து வளர்க்க வெளிக்கிடாதீர்கள். காட்டு விலங்கை அனுமதியில்லாமல் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அதற்கும் மேலால், மனிதரோடு பழகின விலங்குக்குக் காட்டுக்குத் திரும்புகிற வழி அடைபட்டுவிடும்.

காசு கொடுப்பதென்றால் மாதம் ஐந்நூறு ரூபாயாவது, விடாமல் கொடுப்போம். எந்தக் குட்டிக்கு என்று கேட்காமல் கொடுப்போம். எங்கட காசில் தேறின விலங்கு எங்களைப் பார்த்து ஓடி ஒளிந்தால், அந்தக் காசு சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது.