‘நாட்டு’ என்றொரு போர்வை

முக்கூடற்பள்ளுவைப் பாடமாக நடத்தும் தமிழாசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் ஒரு பிழையைத் தவறாமல் செய்துவருகிறோம். நெல்வகைகளின் பெயர்களும் மாட்டுவகைகளின் பெயர்களும் வரிசையாக வரும் இடத்தை எட்டியதும், ‘இது வெறும் பட்டியல், தேர்வில் கேட்கமாட்டார்கள்’ என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். மூத்த பள்ளிக்கும் இளைய பள்ளிக்கும் நடக்கும் ஏசலில் உள்ள சுவை அங்கே இல்லை என்பது நம் எண்ணம்.

அந்தப் பட்டியல் யார் வாயில் வருகிறது என்று சற்றே நின்று பார்த்திருக்கலாம். பண்ணைக்காரன் கணக்குக் கேட்கிறான், பள்ளன் சொல்கிறான். விதை இன்னது, மாடு இன்னது என்று அறிந்தவன் நிலத்துக்கு உரியவன் அல்லன், சேற்றில் நின்றவன். மணல்வாரி, காடைக்கழுத்தன் என்னும் நெற்பெயர்களும், குடைச்செவியன், கூடுகொம்பன் என்னும் மாட்டுப் பெயர்களும் புலவரின் சொல்லலங்காரம் மட்டுமல்ல. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிந்தால்தான் பிழைப்பு என்றிருந்தவர்களின் தொழிற்சொற்கள் அவை.

இன்று அத்தனை பெயர்களின் இடத்திலும் ஒரே ஒரு சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது: ‘நாட்டு’. நாட்டு மாடு, நாட்டுக் கோழி, நாட்டுத் தக்காளி, நாட்டு விதை. சீமையிலிருந்து ஒன்று வந்த பிறகு, அது அல்லாத எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதற்குப் பிறந்த சொல் இது. பகைவர் கட்டிய மூட்டையாக இருந்தால் அவிழ்த்துவிடலாம். பாரம்பரியத்தின்மேல் பற்றுக்கொண்ட நம்மவர்களே கட்டிய மூட்டை என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

மாட்டை எடுத்துக்கொள்வோம். காங்கயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி என்று தமிழ்நாட்டில் பேசப்படும் இனங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிலத்தின் விளைவு. உம்பளச்சேரிக் கன்று செந்நிறத்தில் பிறந்து, சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். காளைகளுக்குக் கொம்பு தீய்க்கும் வழக்கம் இருந்ததால் அதற்கு மொட்டை மாடு என்றும் பெயர். காவிரிக் கடைமடையின் உவர்ப்புல்லைத் தின்று, முழங்கால் சேற்றில் உழவு செய்யத் தேர்ந்தெடுக்கப்பட்ட உடல் அது. காங்கயமோ வறண்ட கொங்கு மேட்டினுடையது. கிளுவை வேலியிட்ட கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரத்தின் காயும் தின்று வளர்வது. கொரங்காடு மனைப்பிரிவாக மாறிய பின் காங்கயம் காளையின் படத்தைச் சட்டையில் அச்சிட்டு என்ன பயன்?

இந்த இரண்டும் உழவுக்கும் வண்டிக்குமான இனங்கள். பால் குறைவு, காங்கயம் பசு நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் அதிகம். எனவே ‘நாட்டுப் பசும்பால்’ வேண்டும் என்று நகரத்தார் கேட்டபோது, குஜராத்திலிருந்து கிர் மாட்டைக் கொண்டுவந்து கட்டினார்கள். கிர் சிறந்த கறவையினம், அதன்மேல் நமக்கு யாதொரு காழ்ப்பும் இல்லை. ஆனால் காங்கயம் நின்ற கட்டுத்தறியில் கிர் மாட்டை நிறுத்திவிட்டு ‘நாட்டு மாட்டை மீட்டுவிட்டோம்’ என்று விழா எடுப்பது எந்தக் கணக்கில் சேரும்? ஜெர்சியால் காங்கயம் போனாலும் கிர்ரால் காங்கயம் போனாலும் போனது காங்கயம்தான். ‘நாட்டு’ என்னும் சொல் அந்த இழப்பை மறைத்துத் தருகிறது.

2017 சனவரியில் மெரினாவில் திரண்ட இளைஞர்களின் உணர்வை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. சல்லிக்கட்டு இருப்பதால் பொலிகாளைகள் இருக்கின்றன என்ற வாதம் புலிக்குளத்துக்குப் பெருமளவு பொருந்தும். வாடிவாசலுக்கே வராத உம்பளச்சேரிக்கு அது எப்படிப் பொருந்தும்? அதன் வாழ்வைப் பறித்தது டிராக்டர். எந்தச் சட்டத் திருத்தமும் அதற்கு வேலையைத் திருப்பித் தரவில்லை. 2012-க்கும் 2019-க்கும் இடையே இந்தியாவில் உள்ளூர் மாடுகள் 6 விழுக்காடு குறைந்தன, அயல், கலப்பின மாடுகள் 26.9 விழுக்காடு கூடின என்று 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பு சொல்கிறது. மெரினா கூட்டம் நடந்தது அந்த இடைவெளியில்தான்.

குறைந்தால் என்ன, பால் பெருகியதே என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. அமெரிக்காவின் ஹோல்ஸ்டீன் மாட்டைப் பார்க்கலாம். எண்ணிக்கையில் பல இலட்சம். ஆனால் அங்கே செயற்கைக் கருவூட்டலுக்குப் பயன்படும் ஹோல்ஸ்டீன் காளைகள் ஏறக்குறைய எல்லாவற்றின் தந்தைவழியும், 1960-களில் பிறந்த இரண்டே காளைகளில் போய் முடிகிறது. ஒன்றின் பெயர் சீஃப், மற்றொன்று எலிவேஷன். சீஃப் தன் வழிவந்த பசுக்களுக்குப் பால்வளத்தோடு, கருவைக் கலைக்கும் ஒரு மரபணுக் கேட்டையும் சேர்த்தே கொடுத்தது. பல பத்தாண்டுகள் கழித்தே அது கண்டுபிடிக்கப்பட்டது. தலையெண்ணிக்கை வேறு, வகைமை வேறு. ஒரே மரபு இலட்சக்கணக்கான உடல்களில் நின்றாலும் நோய்க்கு முன்னால் அது ஓர் உடல் போலத்தான் விழும்.

நெல்லில் நடப்பது இன்னும் நுட்பமானது. அங்கே போர்வையின் பெயர் ‘பாரம்பரிய அரிசி’. கடையடுக்கில் மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி என்று ஐந்தாறு பெயர்கள். ஒவ்வொன்றின் உறையிலும் ஒரு நோய்க்கு மருந்து. விற்பனைக்குரிய கதை இல்லாத நெல் அடுக்கில் ஏறுவதில்லை. ஏறாததை உழவர் ஏன் விதைப்பார்? உவர் தாங்கும் குழியடிச்சானும், நீண்ட நாள் வெள்ளத்தில் நிற்கும் ஒட்டடையானும் சர்க்கரை நோய்க்கு என்ன செய்யும் என்று யாரும் சொல்லாததால் ஓரத்தில் நிற்கின்றன. ஒரு நூறு நெல்லை மறந்து ஐந்து நெல்லைக் கொண்டாடும் பழக்கத்தைப் பசுமைப் புரட்சியிடமிருந்து பாரம்பரியவாதிகள் கற்றுக்கொண்டார்கள் போலும்.

மறுபக்கத்தில், பழைய நெல்லெல்லாம் பாட்டி காலத்துப் பிதற்றல் என்று ஒதுக்கும் அறிவாளர்களும் இருக்கிறார்கள். டெல்டாவில் தாழ்ந்த வயல்களுக்கு இன்று பரிந்துரைக்கப்படும் சிஆர் 1009 சப் 1 என்னும் நெல் இரண்டு வாரம் வரை நீரில் மூழ்கியிருந்தும் பிழைக்கக்கூடியது. அந்தக் குணம் ஆய்வகத்தில் முளைத்ததன்று. ஒரிசாவின் உழவர்கள் வெள்ளக்காட்டில் விதைத்து விதைத்துக் காத்த ஒரு பழைய நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர் 13ஏ என்னும் வகையில் இருந்தது. அதற்குரிய மரபணுவை அறிவியலாளர் 2006-இல் அடையாளம் கண்டனர். 1970-களில் ஆசிய வயல்களை அழித்த புல்தழைக் குட்டை நோய்க்கு, 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைத் துழாவியபின் எதிர்ப்பு கிடைத்தது உத்தரப்பிரதேசத்துக் காட்டுநெல் ஒன்றில். அந்தக் காட்டுநெல் நின்ற குட்டையை அதற்கு முன்பே யாரேனும் தூர்த்திருந்தால்?

அதனால்தான் விதைகளை உறைபதனத்தில் சேமித்துவிட்டோமே என்று பதில் வரும். தில்லியில் தேசிய மரபணு வங்கி இருக்கிறது, 2008 முதல் நார்வேயின் பனித்தீவில் ஒரு விதைக் காப்பகமும் இருக்கிறது. தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் உறைந்த விதை சேமித்த நாளின் விதை. அதன்பின் வந்த பூச்சியையும் மழைப்பிழையையும் அது கண்டதில்லை. வயலில் நிற்கும் நெல் ஆண்டுதோறும் அவற்றோடு மோதித் தன் கலவையை மாற்றிக்கொள்கிறது. ஓர் ஊர்நெல் என்பதே ஒற்றை மரபன்று, சற்றே வேறுபட்ட பலவற்றின் கூட்டம். திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன் (2018-இல் மறைந்தார்) இதை நன்கு அறிந்தவர். 2 கிலோ விதை கொடுப்பார், மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித்தர வேண்டும். விதை ஊர் ஊராக நடந்துகொண்டே இருப்பதற்கு அதைவிட எளிய ஏற்பாட்டை நாம் கண்டதில்லை.

பழி உழவர்மேல் இல்லை. அறுத்த நெல்லை அவர் கொண்டுபோகும் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு இரண்டே பெயர்தான்: சன்ன ரகம், பொது ரகம். பள்ளன் கூறிய அத்தனை பெயரும் அந்த எடைமேடையில் இரண்டாகச் சுருங்கிவிடுகின்றன. அரசு அங்கே மூன்றாவது பெயரொன்றை எழுதி அதற்கொரு விலையும் எழுதினால், மேடைப் பேச்சு நூறு செய்யாததை அது செய்யும். தமிழ்த் துறைகள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. கோடை விடுமுறையில் மாணவர்களை அனுப்பி, எந்த ஊரில் எந்த நெல்லுக்கு, எந்த மாட்டு நிறத்துக்கு என்ன பெயர், அதைச் சொன்னவர் எத்தகைய நிலத்தில் வேலை செய்தவர் என்று எழுதி வாங்கலாம். ஒரே நெல் இரண்டு ஊரில் இரண்டு பெயர் பெறும், ஒரே பெயரில் இரண்டு நெல்லும் இருக்கும். மேடைகளில் முழங்கும் ‘இலட்சம் நெல்வகை’ என்னும் கணக்கில் எவ்வளவு உமி, எவ்வளவு அரிசி என்பது அப்போதுதான் தெரியும்.

சென்ற பருவத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது, வேதாரண்யம் பக்கத்து மாணவி ஒருத்தி கை தூக்கினாள். ‘இதுல ரெண்டு நெல்லு எங்க ஆயாவுக்குத் தெரியும் சார்’ என்றாள். மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டோம். அடுத்த வகுப்பில் குற்றாலக் குறவஞ்சி தொடங்கிவிட்டது.