அடைவுநிலையும் ஆசிரியர் மனச்சான்றும்



2014ஆம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் அறிவியல், ஆங்கில வினாத்தாள்கள் கசிந்தன. செப்டம்பர் 30ஆம் நாள் நாடு முழுவதும் ஆறாம் ஆண்டு மாணவர்கள் அவற்றை மீண்டும் எழுதினர். பெரியவர்களின் நேர்மைக்கேட்டிற்குப் பிள்ளைகள் தண்டனை பெற்றனர்.

2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. ஆயினும் நம் பொறுப்பு குறையவில்லை; கூடியுள்ளது. வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலையைப் பாட ஆசிரியரே பதிவு செய்கிறார். அப்பதிவுக்கு அவருடைய மனச்சான்றே முதற்காவல்.

மொழியாசிரியருக்குச் சோதனை அதிகம். கணிதத்தில் விடை சரியா, தவறா என்பது தெளிவு. கட்டுரை அப்படியன்று. மாதிரிக் கட்டுரையை மனனம் செய்து எழுதிய மாணவனுக்கு 6 வழங்குவது எளிது. சொந்தமாக நான்கு வரி எழுதித் தடுமாறுபவனுக்கு 3 வழங்கி, காரணத்தைப் பெற்றோரிடம் விளக்குவது கடினம். மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளியில், பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்களோ என்னும் அச்சமும் சேர்ந்துகொள்கிறது.

பேராக் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பெற்றோர் பலர், எழுத்தறியாத நிலையிலும் ஆசிரியர் சொல்லை நம்பினர். இன்று ஈப்போவில் வாழும் படித்த பெற்றோரும் நம் பதிவையே நம்புகின்றனர். அந்த நம்பிக்கைக்கு உண்மையே கைம்மாறு.

பெற்றோர்களே, “ஏன் 3?” என்று கேட்பது போல், “ஏன் 6?” என்றும் கேளுங்கள். விடை கூற நாங்கள் கடமைப்பட்டுள்ளோம்.