சட்டம் கேட்காததையும் சொல்வோம்

நம் வணிகர்களில் பலர் கடையில் சேர்த்த பணத்தை மனையில் போடுகிறார்கள். அவசரத்துக்கு அதை விற்கவும் செய்கிறார்கள். விற்கும்போதுதான் வியாபார நேர்மைக்குச் சோதனை.

வாங்குபவர் சாதாரணமாக விசாரித்துக் கண்டுபிடிக்க முடியாத குறை, விற்பவருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. விசாரித்தால் தெரிந்துவிடும் குறையை அந்தப் பிரிவு விட்டுவிடுகிறது. ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் மனையென்றால் அக்கம்பக்கத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். சித்திரையில் வெளியூரிலிருந்து வந்து பார்ப்பவருக்குக் கேட்கத் தோன்றுமா? வில்லங்கச் சான்றிலும் அது இருக்காது. பதிவான பத்திர விவரம்தான் அதில் வரும்.

தராசில் முத்திரை இருந்தால் சட்டத்துக்குப் போதும். "இது பழைய பருப்பு, வேக நேரமாகும்" என்று வாடிக்கையாளரிடம் நாமாகவே சொல்கிறோமே, அது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? பருப்பு வேகாவிட்டால் ஒரு நாள் சாம்பார் போகும். மனை மோசமானால் ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பே போகும்.

சொன்னால் விலை குறையும் என்பார்கள். குறையட்டும், அதுதான் அந்த மனையின் சரியான விலை. கடைத்தெருவில் நம் வாக்குக்கு உள்ள மதிப்பு பத்திர அலுவலகத்திலும் இருக்க வேண்டும்.